வருகைப் பதிவேட்டில் என் பெயர்

அம்மா இறந்து ஏழு மாதங்கள் கழித்துத்தான் அவருடைய அலமாரியைத் திறந்தேன். மடித்து வைத்திருந்த துணிகளுக்கு அடியில் ஒரு நூலகப் புத்தகம் இருந்தது. 112ஆம் பக்கத்தில், மாத்திரைகள் தீர்ந்துபோன வெற்று அட்டை ஒன்றை அடையாளமாகச் செருகியிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதித் தாளைப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் கடந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் புத்தகத்தை எடுத்துவந்த மறுவாரம்தான் அவர் கீழே விழுந்து படுத்த படுக்கையானார்.

அவரை நான்கு ஆண்டுகள் உடனிருந்து கவனித்துக்கொண்டேன். முதல் மூன்று ஆண்டுகள் நடமாட்டம் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் அவரை நூலக வாசலில் இறக்கிவிட்டு, கிடைத்த ஒரு மணி நேரத்தில் வெளிவேலைகளை முடித்துக்கொண்டு திரும்பி வந்து அழைத்துப்போவேன். அத்தனை முறை போயும் ஒரு நாள்கூட நான் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.

அம்மா போன பிறகும் என் கைப்பேசியில் காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு ஒன்பது என்று மருந்து நேரத்துக்கான மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த மனம் வரவில்லை. மணி அடித்ததும் எழுந்து நிற்பேன். எழுந்த பிறகுதான் இனி மருந்து கொடுக்க யாரும் இல்லை என்பது உறைக்கும். என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. வீட்டிலிருந்தே செய்யலாம், யாரையும் பார்க்க வேண்டியதில்லை. நோயாளியை வைத்துக்கொண்டிருந்த காலத்தில் வரமாக இருந்த அதே ஏற்பாடு, பிறகு என்னை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தது. விடியற்காலை மூன்று மணிக்குத் தூங்கி, வெயில் ஏறிய பிறகு எழுந்தேன். உறவினர்கள் தொலைபேசியில் அழைத்து "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார்கள். அக்கறையோடு கேட்டவர்கள்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பதிலைத் தயார்செய்ய வேண்டியிருந்தது. அதற்கே தெம்பு இல்லாமல் அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினேன். ஒரு நாள் வாசலில் பார்சல் கொடுக்க வந்தவரிடம் பேச வாய் திறந்தபோது குரல் கரகரத்தது. கடைசியாக எப்போது பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று நாள் ஆகியிருந்தது.

அந்த நிலையில்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நான்கு தெரு தள்ளியிருக்கும் இடத்துக்குப் போக இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். தாமதத்துக்குத் திட்டுவார்கள், அம்மாவைப் பற்றிக் கேட்பார்கள், நான் அழுதுவிடுவேன் என்று மனம் முன்கூட்டியே எல்லாவற்றையும் நடத்திப் பார்த்துவிட்டது. நூலகர் என் வயதையொத்த பெண். அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தார், தேதித் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தாமதக் கட்டணம் உண்டு. கட்டிவிட்டால் ரசீது தந்துவிடுகிறேன்" என்றார். கட்டினேன். ரசீதை நீட்டும்போது, "சன்னல் பக்கம் இடம் இருக்கிறது. உட்கார்ந்துவிட்டுப் போவதானால் அந்தப் பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அனுதாபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அப்போதே வெளியேறியிருப்பேன். கட்டணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்ததில் ஒரு மரியாதை இருந்தது. ஏழு மாதங்களுக்குப் பிறகு ஒருவர் என்னைத் துக்கவீட்டுக்காரியாகப் பார்க்காமல் சாதாரண மனுஷியாக நடத்தினார்.

அன்று இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். முன்னால் விரித்து வைத்த செய்தித்தாளில் ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை. ஆனால் காது திறந்திருந்தது. எதிர் மேசையில் தாள் புரளும் சத்தம், யாரோ நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைக்க எடுத்துக்கொண்ட கவனம், சிறுவர் பகுதியில் ஒரு குழந்தை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கும் குரல். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் என்னிடம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நான்கு ஆண்டுகளாக யாருடனாவது இருப்பதென்றால் அவர்களுக்காக எதையாவது செய்துகொண்டிருப்பது என்றே எனக்குப் பழகிப்போயிருந்தது. ஒன்றும் செய்யாமல் மனிதர்களுக்கு நடுவில் இருக்க முடியும் என்பதையே மறந்திருந்தேன்.

வீடு முதல் இடம், பணியிடம் இரண்டாம் இடம், இவை இரண்டுக்கும் அப்பால் மனிதர்கள் கடமையின்றிக் கூடும் பொதுவிடம் 'மூன்றாம் இடம்' என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1980களில் ஒரு கருத்தை முன்வைத்தார். பின்னாளில் அதைப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. வீட்டிலிருந்தே வேலை செய்த எனக்கு இரண்டாம் இடமே இருக்கவில்லை. ஒரே அறையில் வேலை செய்து, துக்கப்பட்டு, தூங்காமலும் இருந்தேன். பெரும்பாலான மூன்றாம் இடங்களில் உட்கார ஏதாவது வாங்கியாக வேண்டும், அல்லது ஏதாவதொரு நம்பிக்கையையோ அமைப்பையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும். பொது நூலகத்தில் அந்த நிபந்தனை இல்லை. யுனெஸ்கோவும் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் வெளியிட்ட பொது நூலக அறிக்கை (1994இல் வந்தது, 2022இல் புதுப்பிக்கப்பட்டது) வயது, இனம், பாலினம், மதம், மொழி, சமூக நிலை எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் சமமான சேவை என்பதை அடிப்படையாக வைக்கிறது. அதைப் படிக்கும்போது அரசியல் வாசகம்போல்தான் தோன்றும். மனம் நொந்துபோன நேரத்தில் அதன் பொருள் வேறு: உள்ளே வர நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருகைப் பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளமான, கோடு போட்ட தடித்த நோட்டு. தேதி, பெயர், வந்த நேரம், கையெழுத்து என்று நான்கு கட்டங்கள். நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. முனை தேய்ந்து, அழுத்தினால்தான் எழுதும். ஒவ்வொரு நாளும் எனக்கு மேலே ஒரே பெயர் இருப்பதை இரண்டாவது வாரம் கவனித்தேன். எழுத்து சற்றே வலப்பக்கம் சாய்ந்து, பழைய பாணியில் இருக்கும். சன்னலுக்கு அடுத்த மேசையில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் பெரியவர்தான் அவர் என்று அடையாளம் கண்டேன். நாங்கள் பேசிக்கொண்டதில்லை. தலையசைப்போம். சில நாள் அதுவும் இல்லை.

மூன்றாவது வாரம் இரண்டு நாள் நான் போகவில்லை. படுக்கையை விட்டு எழ முடியாத நாள்கள் அவை. மறுநாள் போனபோது பெரியவர் பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு, "முந்தாநாளும் நேற்றும் உங்கள் கையெழுத்தைக் காணோமே, அம்மா. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்றார்.

"இல்லை ஐயா, கொஞ்சம் அசதி."

"சரி, சரி. உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டுப் படிப்பைத் தொடர்ந்தார்.

என்னோடு பேசியே பழகாத ஒருவர் நோட்டில் ஒரு வரி குறைந்ததைக் கவனித்திருக்கிறார். நான் வராதது ஓர் இடத்தில் இடைவெளியாகத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்துக்கொண்டே அன்று வீட்டுக்கு நடந்தேன். இரவு ஒன்பது மணிக்கு அடித்த மருந்து மணியை, முதன்முறையாக, கைப்பேசியிலிருந்து நீக்கினேன்.

நெருங்கிய உறவுகள்தான் மனதுக்குத் துணை என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேலோட்டமாகப் பழகும் முகங்களோடு வழக்கத்தைவிட அதிகமாகப் பேச வாய்த்த நாள்களில் மக்கள் கூடுதல் மகிழ்ச்சியையும் தாம் ஓர் இடத்தைச் சேர்ந்தவர் என்ற உணர்வையும் அடைந்தார்கள் என்று கண்டார்கள். நெருங்கியவர்களிடம் நம் துக்கம் தொற்றிக்கொள்கிறது. அவர்களை வருத்தப்படுத்தக் கூடாதே என்ற கவலை நமக்குக் கூடுதல் சுமையாகிறது. முகம் மட்டும் தெரிந்தவரிடம் அந்தச் சுமை இல்லை. "இன்றைக்கு மழை வரும்போல" என்ற ஒரு வாக்கியத்தை யாரிடமாவது சொல்ல முடிவதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்பது பல நாள் பேசாமல் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இது என் ஒருத்தியின் கதை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2023இல் சமூகப் பிணைப்புக்கென்றே ஓர் ஆணையத்தை அமைத்தது. அந்த ஆணையம் 2025 ஜூனில் தந்த அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்றும், ஆண்டுக்கு 8,71,000க்கும் மேற்பட்ட இறப்புகளோடு அது தொடர்புடையது என்றும் மதிப்பிட்டது. தனியாக இருப்பது வேறு, தனிமையை உணர்வது வேறு என்பதையும் அந்தத் துறையினர் பிரித்தே சொல்கிறார்கள். கூட்டம் நிறைந்த வீட்டில் தனிமையில் வாடுகிறவர்கள் உண்டு. எங்கள் பெரியவர் அப்படித்தான். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். "வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொள்கிறார்கள், அம்மா. ஆனால் யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை" என்று பின்னொரு நாள் சொன்னார். நூலகத்தில் பழைய செய்திகள் பற்றி மாணவர்கள் அவரிடம் வந்து கேட்பார்கள். அதற்காகவே அவர் காலையில் சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை அணிந்து வருவார்.

எனக்கு உதவியவற்றை இனி வெளிப்படையாகச் சொல்கிறேன். யாருக்காவது பயன்படலாம்.

முதலாவது, நேரம். மனம் சரியாக இருக்கும்போது போகலாம் என்று காத்திருந்தால் போகவே மாட்டோம். நான் பத்தரை மணி என்று வைத்துக்கொண்டேன். மனநிலை எப்படியிருந்தாலும் பத்தரைக்குப் பதிவேட்டில் கையெழுத்து. போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினாலும் அந்த நாள் கணக்கில் சேரும். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் 'நடத்தைத் தூண்டல்' என்று ஒரு முறை இருக்கிறது. ஆர்வம் வந்த பிறகு செயல் என்று காத்திராமல், செயலைச் சிறிதாகத் தொடங்கி ஆர்வம் பின்னால் வர விடுவது. அதைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். ஒரே நேரத்தில் போவதில் இன்னொரு பலன், அதே நேரத்துக்கு வருகிற அதே முகங்கள். நினைத்த நேரத்துக்குப் போய் வருகிறவருக்கு எல்லோரும் புதியவர்களாகவே இருப்பார்கள்.

இரண்டாவது, ஒரு சிறு பொறுப்பு. இரண்டு மாதம் கழித்து நூலகரிடம், "இந்தப் பருவ இதழ்களை மாத வரிசையில் அடுக்கித் தரட்டுமா?" என்று கேட்டேன். தயங்கினார், பிறகு சரி என்றார். வாரம் ஒருமுறை முக்கால் மணி நேர வேலை. வெறுமனே உட்கார்ந்திருப்பவளுக்கு அது ஒரு பிடிமானம், யாராவது "போன மாத இதழ் எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. ஆனால் அவசரப்பட்டுப் பெரிய பொறுப்பை ஏற்காதீர்கள். தன்னார்வலராக எல்லா நாளும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, எழ முடியாத நாளில் குற்றவுணர்வில் விழுவது நோயைக் கூட்டும். ஒரு நாள் தவறினாலும் யாருக்கும் இடையூறு வராத அளவிலான வேலையே போதும்.

புத்தகம் படித்தே ஆக வேண்டும் என்று தன்னைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். மனச்சோர்வில் கவனம் நிற்காது. படித்த பத்தியையே நான்கு முறை படிப்போம். மெய்ப்புத் திருத்துபவளான எனக்கே அந்த நிலைமை என்றால் எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் பாருங்கள். அந்தக் காலத்தில் நான் சிறுவர் பகுதிக்குப் போய்ப் படக்கதைகளைப் புரட்டினேன், வரைபட நூல்களில் ஆறுகளின் போக்கை விரலால் தடவிக்கொண்டு போனேன். அதற்கும் அங்கே இடம் இருந்தது.

மருத்துவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். நூலகம் எனக்கு ஆறுதல் தந்தது. நோயைக் குணப்படுத்தியது அது மட்டுமில்லை. உடல்நலப் பகுதியில் இருந்த ஒரு நூலில், சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் நீடித்து, தூக்கம், பசி, வேலை எல்லாவற்றையும் பாதித்தால் அது வெறும் வருத்தம் அல்ல, மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை என்று இருந்தது. எனக்கு இரண்டு வாரம் எப்போதோ கடந்திருந்தது. வாழ்வதில் என்ன பொருள் என்ற எண்ணமும் சில இரவுகளில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை விரித்தபடியே நூலகரிடம் கொண்டுபோனேன். என்ன கேட்பதென்று தெரியாமல், "இதைப் பற்றி வேறு நூல் இருக்கிறதா?" என்றேன். அவர் பக்கத்தைப் பார்த்தார். இரண்டு நூல்களை எடுத்துத் தந்தார். கூடவே மேசை இழுப்பறையிலிருந்து, மனநலச் சேவைகளின் தொலைபேசி எண்கள் அச்சிட்ட ஒரு தாளை எடுத்து நூலுக்குள் செருகித் தந்தார். "இதைத் திருப்பித் தர வேண்டாம்" என்றார்.

அந்தத் தாளில் இருந்த எண்ணில்தான் முதல் அழைப்பைச் செய்தேன். பிறகு மருத்துவர், மருந்து, ஆலோசகருடன் உரையாடல் என்று ஒன்பது மாதங்கள்.

நூலகங்கள் இப்படிச் சிகிச்சைக்கு வாசலாக இருப்பதைச் சில நாடுகள் திட்டமாகவே செய்திருக்கின்றன. இங்கிலாந்தில் 2013 முதல், மனநல நூல்களை வல்லுநர்கள் துணையோடு தேர்ந்தெடுத்துப் பொது நூலகங்களில் வைக்கிறார்கள். மருத்துவர் பரிந்துரைக்கலாம், யாரும் பரிந்துரைக்காமல் தாமாகவும் எடுத்துப் படிக்கலாம். சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009இல் முழுநேர சமூகப் பணியாளர் ஒருவரை நூலகத்துக்குள்ளேயே பணியமர்த்தியது. வீடற்றவர்களும் மனநல நெருக்கடியில் இருப்பவர்களும் அங்கு வந்து உட்காருகிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்டதன் விளைவு அது. இதைப் படித்தபோது எனக்கு நிறைவாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. நூலகர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். தகுந்த ஆள் கொடுக்காமல் எல்லாச் சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றினால் அவர்களும் நொறுங்கிப்போவார்கள். எங்கள் நூலகர் செய்தது அந்த எல்லைக்கு உட்பட்ட செயல்: நோய்க்குப் பெயர் வைக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை, சரியான தாளைக் கையெட்டும் தூரத்தில் தயாராக வைத்திருந்தார். ஒவ்வொரு நூலகத்திலும் அப்படி ஒரு தாள் இருக்க வேண்டும், எண்கள் இயங்குகின்றனவா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை யாராவது சரிபார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பண்டைய எகிப்திய மன்னர் ஒருவரின் நூலக வாசலில் 'ஆன்மாவுக்கு மருத்துவம் செய்யும் இடம்' என்று பொறித்திருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார். அழகான வாசகம். ஆனால் எனக்கு நூலகம் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. அந்த நாள்களில் நான் நோயாளியாக இல்லாமல் இருந்த ஒரே இடம் அதுதான்.

வாசகர் வட்டம் தொடங்கியது பெரியவரின் கண்ணால். பூதக்கண்ணாடி வைத்தும் எழுத்து மங்கத் தொடங்கியபோது, போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் ஒரு மாணவி தினமும் கால் மணி நேரம் அவருக்கு வாசித்துக் காட்டினாள். மற்றவர்களுக்குத் தொந்தரவாகக் கூடாதென்று நூலகர் பின்னறையைத் திறந்துவிட்டார். கதவருகே நின்று கேட்ட நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். பிறகு, மனைவியை இழந்த ஓர் ஓய்வுபெற்ற ஓட்டுநர், கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். சனிக்கிழமை மாலை நான்கிலிருந்து ஐந்தரை வரை என்று முடிவாயிற்று.

முதல் நாளே மாணவி ஒரு விதி சொன்னாள்: "யாரும் வாசிக்க வேண்டிய கட்டாயமில்லை, கருத்துச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. கேட்க மட்டும் வரலாம்." இருபத்துமூன்று வயதில் அவளுக்கு எப்படி அது தோன்றியதோ தெரியவில்லை. முன்கூட்டியே நூலைப் படித்துவிட்டு வந்து விவாதிக்கும் வட்டங்கள் நன்றாக இருப்பவர்களுக்கு ஏற்றவை. நொந்திருப்பவர்களால் வீட்டுப்பாடம் செய்ய முடியாது. செய்யாத வெட்கத்தில் வராமலே நின்றுவிடுவார்கள். அங்கேயே, அப்போதே, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பது என்றால் எல்லோரும் ஒரே வரியில் இருக்கிறோம்.

பேச்சும் தானாக வந்தது. ஒரு சனிக்கிழமை வாசித்த சிறுகதையில், ஒருவன் இறந்துபோன மனைவியின் செருப்பை வாசலிலிருந்து எடுக்காமல் விட்டிருப்பான். வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. ஓட்டுநர் தரையைப் பார்த்தபடி, "நான் இரண்டு வருடம் எடுக்கவில்லை" என்றார். அதுவரை ஆறு வாரம் வாயே திறக்காதவர். "பிறகு?" என்று இளம் தாய் கேட்டாள். "பேத்தி போட்டுக்கொண்டு நடந்தாள். சரி என்று விட்டுவிட்டேன்." நானும் மருந்து மணியைப் பற்றிச் சொன்னேன். என் துக்கத்தைப் பேசு என்று யாராவது சொல்லியிருந்தால் பேசியிருக்க மாட்டேன். அந்தச் செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதன் வழியாக எங்கள் வீடுகளுக்குள் போய் வந்தோம். நூலகவியலின் ஐந்து விதிகளை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்தார். அவற்றுள் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அன்று அந்தக் கதை தனக்கான வாசகரைக் கண்டுபிடித்ததை நேரில் பார்த்தேன்.

எல்லாம் இதமாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். வட்டத்துக்கு வந்த ஒருவர் ஒவ்வொரு வாரமும் தன் குடும்பச் சண்டையை ஒரு மணி நேரம் சொன்னார். கேட்டுக் கேட்டு இளம் தாய் வருவதையே நிறுத்திவிட்டாள். அவருக்குத் தேவைப்பட்டது ஆலோசகர்; நாங்கள் அதைச் சொல்லத் தயங்கி இரண்டு மாதங்களை இழந்தோம். கடைசியில் பெரியவர் அவரைத் தனியே அழைத்து, அதே தாளைக் கையில் கொடுத்துப் பேசினார். அதன் பிறகு வாசிப்பு முக்கால் பங்கு, பேச்சு கால் பங்கு என்று கண்டிப்பாக வைத்துக்கொண்டோம். நானும் ஒரு தவறு செய்தேன். தேறி வந்த உற்சாகத்தில், வாடிய முகத்தோடு வந்த ஒரு பெண்ணிடம் வலியப் போய்ப் பேசினேன், என் கதையைச் சொன்னேன், வட்டத்துக்கு வரச் சொன்னேன். அவர் மறுநாளிலிருந்து வரவில்லை. நூலகர் முதல் நாள் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்யத் தவறிவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

பிறகு ஒரு முறை கட்டடப் பழுதுபார்ப்புக்காக மூன்று வாரம் நூலகத்தை மூடினார்கள். ஐந்தாம் நாளே பழைய தூக்கக்கேடு திரும்பியது. ஒரே இடத்தின்மேல் முழுப் பாரத்தையும் வைத்திருந்ததை அப்போது உணர்ந்தேன். மாணவி எல்லோருடைய எண்களையும் வாங்கி, சனிக்கிழமை நான்கு மணிக்குத் தொலைபேசியில் கூட்டாக அழைத்து வாசித்தாள். வழக்கமாக நூலகம் போகிறவர்கள் விடுமுறை நாள்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அந்த நாளின் பத்தரை மணிக்கு என்ன செய்வது என்று திட்டமிட்டு வையுங்கள். நான் ஓட்டுநருடனும் இளம் தாயுடனும் பூங்காவில் நடக்கப் போகிறேன். அந்த இளம் தாய் வட்டத்துக்குத் திரும்பி வந்துவிட்டாள், குழந்தை இப்போது நடக்கிறது.

உங்களுக்கு நெருங்கியவர் யாராவது வீட்டுக்குள் முடங்கியிருந்தால், "நூலகத்துக்குப் போயேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். கூடவே போங்கள். முதல் சில நாள் அவருடன் உட்கார்ந்து உங்கள் புத்தகத்தை நீங்கள் படியுங்கள். எப்படி இருக்கிறது, பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியோடு ஒரு நூல் அவர் கையில் இருந்தால், மறுபடி அங்கே போக ஒரு காரணம் வீட்டில் இருக்கிறது.

போன மாதம் பழைய வருகைப் பதிவேடுகளை மூட்டை கட்ட நூலகருக்கு உதவினேன். ஒன்றைப் பிரித்தபோது அம்மாவின் கையெழுத்து. செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி. பக்கங்கள் புரளப் புரள எழுத்து நடுங்கத் தொடங்கி, கோட்டை விட்டு இறங்கி, கடைசி வாரங்களில் பெயரின் முதல் எழுத்து மட்டும். ஒவ்வொன்றுக்கும் மேலே, வலப்பக்கம் சாய்ந்த அதே பழைய பாணி எழுத்து.

பெரியவரிடம் போய்க் கேட்டேன். "தெரியும், அம்மா. உங்கள் சாயல்தான். நீங்களாகக் கேட்கும்போது சொல்லலாம் என்று இருந்தேன்" என்றார். அம்மா எந்த நாற்காலியில் உட்காருவார், எந்தப் பகுதியில் நூல் எடுப்பார், சிரிப்பை அடக்க முடியாமல் ஒருமுறை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நோயாளியாக மட்டுமே என் நினைவில் தங்கிப்போன அம்மாவுக்கு, வாரத்தில் இரண்டு மணி நேரம் நான் அறியாத ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது.

அலமாரியில் கிடைத்த அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நான் திருப்பிக் கொடுத்த பிறகு மூன்று பேர் எடுத்துப் படித்திருக்கிறார்கள். தேதித் தாளில் மூன்று புதிய முத்திரைகள். சனிக்கிழமை அதை வட்டத்துக்குக் கொண்டுபோனேன். முதலிலிருந்து வாசிக்கிறோம். போன வாரம் 112ஆம் பக்கம் வந்தபோது என்னால் முடியாமல் மாணவியிடம் நீட்டினேன். அவள் 113ஆம் பக்கத்துக்குப் போய், குரலை மாற்றாமல், அதே வேகத்தில் வாசித்துக்கொண்டு போனாள். அத்தியாயம் முடிய நான்கு பக்கம் இருக்கும்போது மூடும் நேரம் வந்துவிட்டது. நூலை என் அட்டையில் பதிந்து வீட்டுக்கு எடுத்துவந்திருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தை இன்னும் பிரிக்கவில்லை, சனிக்கிழமை எல்லோரோடும் சேர்ந்து கேட்க வேண்டும்.